பெயிண்டின் மேல் முடுக்கிய போல்ட்

செப்டம்பர் 12, வெள்ளி

பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் இண்டிகேட்டர் அம்புக்குறி லேசாக எரிகிறது. இண்டிகேட்டரை யாரும் போடவே இல்லை.

வெள்ளை வாடகைக் கார். திருநள்ளாறு குளத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணியையெல்லாம் டிக்கியில்தான் போடுவார்கள். அதில் டிக்கித் தரை துருப்பிடித்து, டிங்கரிங் முடித்து, புதுப் பெயிண்ட் அடித்து, பின்பக்க வயரிங் மாட்ட எங்கள் கடைக்கு வந்தது. கடை முதலாளி ஜவஹர் பாய் கீழவாஞ்சூரில் ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அம்மா இந்தக் கடையில் கொண்டுவந்து விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வேலை எனக்குத் தெரியும்.

பின் விளக்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எர்த். டிக்கியின் இடது மூலையில், தகரத்தில் ஒரு போல்ட். அங்கே பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் வயரை வைத்து முடுக்க வேண்டும். உப்புத்தாளை எடுத்தேன். டிரைவர் செந்தில்குமார் அண்ணன் ஓடியே வந்துவிட்டார்.

"ஏய், ஏய்! நேத்துதான் காஞ்சுது. ஒரு கீறல் விழுந்தாலும் ஓனரு என் தோல உரிச்சுடுவாரு. அப்படியே முடுக்கு."

சுரண்டாவிட்டால் கரண்ட் திரும்பிப் போக வழி இருக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அப்படியே முடுக்கினேன்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன். அவர் பின்னால் நின்று, "எரியுது, எரியுது! வாயத் தொறக்காமயே வேலைய முடிச்சிடுற நிலா நீ" என்று சிரித்தார். அப்போதுதான் அம்புக்குறியைப் பார்த்தேன். எர்த் பிடிக்காவிட்டால் கரண்ட் வேறு பல்பு வழியாகச் சுற்றும். தெரியும். தெரிந்தும், அவர் சாவி கேட்டபோது கொடுத்துவிட்டேன்.

13, சனி

பாயிடம் சொல்லவில்லை. எப்படியும் அந்த வண்டி திரும்ப வரும். அப்போது சுரண்டிக்கொள்ளலாம்.

17, புதன்

வரவில்லை.

அப்பா லாரி இன்று நாலு தடவை கடையைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு ஹாரன். "மாரிக்கண்ணு நிலக்கரி ஏத்தப் போறானா, மாப்பிள்ள ஊர்வலம் போறானா?" என்றார் பாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

20, சனி

அப்பா லாரி ஒரு காரின் பின்னால் மோதிவிட்டது.

பட்டினத்தைத் தாண்டி, மத்தியானம் ஒன்றரை மணிக்கு. அப்பா நெற்றியில் மூன்று தையல். காரில் ஈரோட்டுக் குடும்பம். சாமி பார்த்துவிட்டு நாகூர்ப் பக்கம் போனவர்கள். பின் சீட்டிலிருந்த வயதான அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அப்பாவை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். "திடீர்னு நிறுத்துனாரு சார், பிரேக் லைட்டே எரியல" என்று அப்பா சொன்னாராம். "எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. தூங்குனியா, போன் பாத்தியா, அத மட்டும் சொல்லு" என்றார்களாம்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். என்ன கார் என்று கேட்டேன்.

வெள்ளைக் காராம். இப்பதான் பெயிண்டு அடிச்சதாம். டிரைவர் பேரு செந்தில்குமாராம்.

இல்ல. வேற வண்டியா இருக்கும். ஊர்ல ஒரே ஒரு வெள்ளைக் காரா இருக்கு? — வேற இல்ல. அதுதான். நான் மாட்டுனதுதான்.

21, ஞாயிறு

அப்பாவை விட்டுவிட்டார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லாரி ஓனர் இனிமேல் வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் போய், "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. கண்ணசந்துட்டீங்களா?" என்றாள்.

"எரியலடி. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

அப்புறம் அவராகவே, "பாத்தனா?" என்றார்.

நான் சோற்றுப்பானையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கை சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

22, திங்கள்

கடைக்குப் போலீஸ்காரர் வந்தார். அந்த வண்டியில் கடைசியாக வேலை பார்த்தது யார் என்று கேட்டார். நான் வயர்ச் சுருளுக்குப் பின்னால் நின்றேன்.

பாய் எழுந்து நின்று பேசினார். "எங்க புள்ள பாத்த வேல சார். அது எர்த்து மாட்டுனா தகரத்துல மொகம் பாக்கலாம். அந்த லைட்டு எரியாமப் போவ வாய்ப்பே இல்ல." போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனதும் பாய் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்கப்பனுக்கு எதிராச் சொல்லணும்னு இல்ல, நிலா. உன் வேல சரியில்லன்னு நான் எப்படிப் பொய் சொல்றது?"

புதன்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். விபத்து வண்டிகளைச் சோதித்துப் பார்த்து அவர் எழுதுவதுதான் கோர்ட்டில் நிற்குமாம்.

23, செவ்வாய்

நான் சொன்னா, அப்பனக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதானே சொல்வாங்க? சொல்லட்டும். போல்ட் அங்கேயேதானே இருக்கு.

ஆனா பாய்? அவரு மொகத்த எப்படிப் பாக்குறது?

வாயத் தொறக்க முடியுமா என்னால? முடியலன்னா?

24, புதன்

ஸ்டேஷனுக்குப் பின்னால் கார் நிற்கிறது. பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருக்கிறது. அப்பா, கழுத்துப் பட்டையோடு செந்தில்குமார் அண்ணன், பாய், பிரேக் இன்ஸ்பெக்டர். நான் அப்பாவுக்குத் துணையாக வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு லைட்டும் தூளாயிடுச்சு. எரிஞ்சுதா இல்லையான்னு இனிமே எப்படிப் பாக்குறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடையில எரிஞ்சுது சார், நானே பாத்தேன்" என்றார் செந்தில்குமார் அண்ணன். அது பொய் இல்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"இடது மூலையில ஒரு போல்ட் இருக்கு சார்."

என் குரல்தான். "என்னம்மா?" என்றார். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"அதக் கழட்டிப் பாருங்க. நான்தான் மாட்டுனேன். பெயிண்டச் சுரண்டாம மாட்டுனேன். பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் அம்புக்குறி எரிஞ்சுது. அது எர்த் கோளாறு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் நசுங்கிய தகரத்தை விலக்கி, போல்ட்டைக் கழற்றினார். வயர் உட்கார்ந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் அப்படியே வட்டமாக இருந்தது. போல்ட்டின் மரையில் மட்டும் துரு. கடையில் அந்த மரை வழியாகத்தான் எரிந்திருக்கிறது; ஈரத்துணியில் அதுவும் போய்விட்டது. குனிந்து போனில் படம் எடுத்தார். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை.

"சுரண்டாதன்னு நான்தான் சொன்னேன் சார்" என்றார் செந்தில்குமார் அண்ணன், தரையைப் பார்த்து.

பாய் போல்ட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னதையெல்லாம் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

திரும்பி வரும்போது அப்பா பஸ் ஸ்டாப்பில் கேட்டார். "நாலு நாளா எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சு, புள்ள. ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

பஸ் வந்தது. அவர் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

25, வியாழன்

கடைக்குப் போகவில்லை. பாயும் கூப்பிடவில்லை.

27, சனி

பின் விளக்கின் எர்த் வேலை செய்யவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டாராம். லாரி இடைவெளி விடாமல் போனதையும் எழுதியிருக்கிறார். அதனால் கேஸ் இருக்கிறது. ஆனால் தூங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா இன்று முகம் மழித்தார். என்னோடு இன்னும் பேசவில்லை.

காலையில் அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அந்த ஈரோட்டு அம்மா காலில் எடை கட்டிப் படுத்திருந்தார். தூக்கம். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "யாரும்மா நீ? யாரப் பாக்கணும்?" என்றார்.

பெயரைச் சொன்னேன். அப்புறம் அந்தப் போல்ட்டைப் பற்றிச் சொன்னேன்.