காதுகுத்துக்கு முன்

தேவனேரி குப்பம்
2.8.1974

அன்புத் தங்கை ரத்னாவுக்கு, அக்கா சாந்தா எழுதுவது. எல்லோரும் நலம். கல்பாக்கத்திலிருந்து வந்து உன்னைப் பெண் பார்த்துப் போன ராஜாராமின் அம்மா, நீ இளைத்திருக்கிறாய் என்று வருத்தப்பட்டார்கள். விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடு. விலங்கியல் பட்டம் முடிந்ததும் கல்யாணம் என்கிறார்கள்.

குழந்தைக்கு ஆவணி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை மொட்டையடித்துக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடிக்கு நம் தம்பி தாண்டவராயன் இல்லையே என்பதுதான் குறை. பெரியப்பா மகன் மாயவன் உட்காருகிறான். பிள்ளை வீடு முழுக்கத் தவழ்கிறான். முட்டியெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. கண்ணேறு என்று என் மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கட்டாயம் வா.

அன்பு அக்கா,
சாந்தா

சென்னை
7.8.1974

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளையின் முட்டி நீலம் பாரித்திருக்கிறது என்று படித்ததும் உடனே எழுதுகிறேன். நேற்றுத்தான் மரபியல் வகுப்பில் இரத்தம் உறையாத நோய் ஒன்றை நடத்தினார்கள். தாய் வழியாக வரும். தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். எல்லோரும் புத்தகத்தில் இருந்த வம்சப் படத்தை வரைந்தார்கள். நான் நம் குடும்பத்தை வரைந்தேன். அம்மாவின் தம்பி பல் பிடுங்கிக்கொண்டு வந்து இறந்தார். தாண்டவராயனுக்குக் காலில் கிளிஞ்சல் கீறியது, மூன்று நாள் இரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தான். அம்மன் குற்றம் என்றார்கள்.

அக்கா, என் பயம் பொய்யாகப் போகட்டும். ஆனால் ஊசியோ சவரக்கத்தியோ படும் முன் பிள்ளையை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா.

ரத்னா

தேவனேரி குப்பம்
13.8.1974

ரத்னாவுக்கு,

என் பிள்ளையைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் மாமாவிடம் காட்டினேன். "எங்கம்மா காதுல வுழுந்தா உன்னைத்தான் பழி சொல்லும். கம்னு இரு" என்றார். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இதையே பேசுவதானால் விசேஷத்துக்கு வராதே.

சாந்தா

சென்னை
17.8.1974

அன்புள்ள அக்காவுக்கு,

வராதே என்றாய், வரவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பேராசிரியை பர்வதம் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் இரத்தம் எடுத்தாலே தெரிந்துவிடுமாம்.

அம்மாவிடமிருந்து அது உனக்கு வந்திருந்தால் எனக்கும் வந்திருக்கலாம். ராஜாராம் வீட்டில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த லட்சணத்தில் உனக்குப் புத்தி சொல்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், குத்தாதே அக்கா.

ரத்னா

தேவனேரி குப்பம்
4.9.1974

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டாவது கடிதத்தை அடுப்பில் போட மனசு வரவில்லை. பிள்ளைக்குச் சளி என்று சொல்லி மொட்டையைத் தடுத்துவிட்டேன். காதுகுத்தைத் தடுக்க வழி தெரியவில்லை. பத்தர் ஊசியை எடுத்ததும் தாண்டவராயன் காலில் சுற்றியிருந்த துணிதான் கண்ணில் நின்றது. மாயவன் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றார்கள் மாமியார்.

"எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு ரத்தம் நிக்காது. எங்கம்மா வழியில வந்த நோவு. எனக்குள்ளயும் கீது" என்று பந்தலில் எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன்.

ராஜாராமின் அம்மா முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடாமல் எழுந்து போனார்கள். நேற்று ஆள் வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் இருந்தது எனக்குத் தெரியும் ரத்னா. தெரிந்தேதான் சொன்னேன்.

உன் மாமா பத்து நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. இன்று காலை, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மூவரும் வருகிறோம். நீ வராவிட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

சாந்தா

சென்னை
6.9.1974

அக்கா,

பஸ் நிலையத்தில் ஏழு மணிக்கே நிற்பேன். கல்யாணத்துக்காக அப்புறம் அழுதுகொள்கிறேன், இப்போது நேரமில்லை. ஜன்னல் பக்கம் உட்காராதே. பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டால் பிள்ளையின் தலை கம்பியில் இடித்துவிடும். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்.

ரத்னா