என் காலை மறைத்த படங்கள்

அக்கா,

இன்று காலையில் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் காப்பிக் கலர் சேலையை எடுத்து விரித்தேன். நாளை மறுநாள் உங்கள் முதல் வருஷத் திவசம். பகட்டில்லாத சேலை ஒன்று வேண்டுமென்று தேடியதில் இதுதான் கையில் சிக்கியது. இஸ்திரிப் பெட்டியை வைக்கப் போனபோது இடப்பக்க ஓரத்தில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு ஊக்கு. திருச்செந்தூர் போய்வந்த கோபத்தில் அலசக்கூடச் செய்யாமல் சுருட்டி எறிந்த சேலை இது. கடற்கரை ஈரம் உள்ளேயே இருந்து ஊக்கு துருப்பிடித்து, துணியில் பழுப்பாக ஒரு கறை விட்டிருந்தது.

அந்த ஊக்கைக் குத்தியது நீங்கள்தான். இடது பக்கம் சேலையை இரண்டு விரற்கடை கூடுதலாக இறக்கி, காற்றுக்குத் தூக்காதபடி பாவாடையோடு சேர்த்துக் குத்துவீர்கள். அந்த வேலையை உங்களைத் தவிர வேறு யாரும் செய்ய நான் விட்டதில்லை. என்னைப் பெற்றவளைக்கூட விட்டதில்லை.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. குதிகால் தரையில் படாது. நடந்தால் ஊருக்கே தெரியும். சேலை கட்டிச் சும்மா நின்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. போட்டோவில் மட்டும் மாட்டிக்கொள்வேன். ஒரு பக்கம் சாய்ந்து, சேலை ஓரம் கோணலாகத் தூக்கி, அதற்குக் கீழே அந்தக் கால். நடந்து போவதைப் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். படம் மறக்காதே. அதனால் கேமராவைக் கண்டாலே யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கிவிடுவேன்.

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு முத்தையாபுரம் வந்தவர்கள். நான் ஓட்டப்பிடாரத்துப் பக்கமிருந்து தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் கல்யாணத்தன்று நம் மாமியார் பந்தி பந்தியாகப் போய், “காலு இப்படின்னு தெரிஞ்சுதான் கட்டுதோம்” என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமை காதில் விழ விழ நான் மேடையில் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் போட்டோக்காரர், “பொண்ணு எந்திச்சு நேரா நில்லும்மா” என்றார். நேராக எங்கே நிற்பது?

கீழே பந்தல் வாசலில் நின்றிருந்த நீங்கள் விறுவிறுவென்று மேடையேறி, அத்தனை பேர் முன்னாலும் என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். அதற்கு முன் நாம் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை. “ஏளா, வலது கால ஒரு எட்டு முன்னால வையி. இடது காலு பின்னால கெடக்கட்டும். இடுப்ப லேசா திருப்பு. கொசுவம் முன்னால விழட்டும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றீர்கள். பிறகு எழுந்து என் இடது பக்கம் அரை எட்டு முன்னால் நின்று, முதுகில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டீர்கள். என் கனம் பாதி உங்கள் கையில் இருந்தது. படத்தில் பார்த்தால் ஒரு கோணலும் தெரியாது. ராணி மாதிரி நிற்கிறேன்.

“போட்டோவுல மூஞ்சிதாம்ளா வேணும். கால யாரு பாக்கா?” என்று அன்று சொன்னீர்கள். அப்புறம் ஒவ்வொரு விசேஷத்திலும் சொன்னீர்கள்.

அன்றிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது. சடங்கு, வளைகாப்பு, பால்காய்ச்சு என்று எந்த வீட்டு விசேஷமானாலும், “எல்லாரும் வாங்க, படம் எடுக்கணும்” என்று குரல் கேட்டதும் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூடக் கையை உதறிவிட்டு என் இடது பக்கம் வந்துவிடுவீர்கள். உங்கள் கொழுந்தன், என் வீட்டுக்காரர், கேலி செய்வார்: “கேமராவப் பாத்தா ரெண்டு பேரும் ஒட்டுன பலாச்சுளை மாதிரி ஆயிருதிய.” நான் முறைப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. துறைமுகக் கடற்கரையில் பெண்பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள். ஒரு காலை முன்னால் வைத்து, மற்றதை மடக்கிக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நின்றால்தான் கால் நீளமாக, எடுப்பாகத் தெரியுமாம். அதைச் சொல்லிக்கொடுக்க வீடியோவே இருக்கிறது என்று உங்கள் மகள் செல்வி காட்டினாள். எனக்கு ஒரு காய்ச்சல் அதைச் சும்மாவே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

திருச்செந்தூர் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

செல்வி மகனுக்கு முடியிறக்கிக் காது குத்தப் போயிருந்தோம். எல்லாம் முடிந்து கடற்கரையில் குடும்பப் படம். காற்றென்றால் அப்படி ஒரு காற்று. நீங்கள் குத்திய ஊக்கு பாவாடையை விட்டுப் பிடுங்கிக்கொண்டது. சேலை முழங்கால் வரைக்கும் பறந்தது. நீங்கள் சட்டென்று மணலில் உட்கார்ந்து ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்து என்னை நிறுத்தி, இன்னொரு கையால் சேலையை எட்டிப் பிடித்தீர்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் கொழுந்தன் என் போனைத் தூக்கிக்கொண்டு, “மதினி, இங்கன பாருங்க!” என்று கத்தினார். நீங்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள். படம் விழுந்துவிட்டது.

வாங்கிப் பார்த்தேன். உங்கள் முகம் பளிச்சென்று நேராக இருந்தது. கன்னத்தை ஒட்டி என் சூம்பிய கால்.

படம் எடுத்தவரிடம் காட்டியிருக்க வேண்டிய கோபத்தை உங்களிடம் காட்டினேன். “நீங்கதான விட்டிய! ஒரு சேலையப் பிடிக்கத் தெரியலயா ஒங்களுக்கு?” கைக்குழந்தையிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் பெரியத்தான் வரைக்கும் எல்லோரும் நின்றிருந்தார்கள். நீங்கள் முந்தானையில் மணலைத் தட்டிவிட்டு, “அடுத்த தடவ நல்லாப் பிடிச்சுக்கிடுதேம்ளா” என்றீர்கள். ஹோட்டலில் நான் சாப்பிடவில்லை. நான் சாப்பிடாததால் நீங்களும் சாப்பிடவில்லை. வேனில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் படத்தை அழிக்கத்தான் நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் விரல் வரவில்லை. வைத்துக்கொண்டேன், யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை அக்கா. உங்கள் மளிகைக் கடையில் சரக்கு எடுத்துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உடனே படம் வேண்டுமென்று ஆள் வந்து நின்றது. செல்வி அழுதுகொண்டே ஆல்பங்களை எல்லாம் தரையில் பரப்பினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். என் கல்யாணம், செல்வி கல்யாணம், யார் யாருடையதோ கல்யாணம். எல்லாவற்றிலும் நீங்கள் இருந்தீர்கள். ஒன்றில்கூட முகம் நேராக இல்லை. குனிந்திருந்தீர்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் திரும்பியிருந்தீர்கள். வகிடுதான் எல்லாப் படத்திலும் தெளிவாக விழுந்திருந்தது.

“அம்மா எப்பவும் கீழ என்னத்தப் பாக்காவ?” என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். செல்வி அடுத்த ஆல்பத்தை இழுத்தாள். எனக்குத் தெரியும். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சேலை சரியாகக் கிடக்கிறதா, எங்கேயாவது தெரிகிறதா என்று. என் முகம் அத்தனை படங்களிலும் ஜம்மென்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகங்களைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அப்போது செல்வி என் பக்கம் திரும்பினாள். “சித்தி, அம்மா நேராப் பாத்த மாதிரி ஒங்க போன்ல ஒரு படமாவது இருக்கா?”

போன் என் மடியில் இருந்தது.

வெட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வெட்ட முடியாது. உங்கள் கன்னம் என் கெண்டைக்காலை ஒட்டி இருக்கிறது, உங்கள் கை கணுக்காலைச் சுற்றி இருக்கிறது. முகத்தை எடுத்தால் காலும் கூட வரும். அதை முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டுவார்கள். துறைமுகத்துக்குப் போகிற லாரிக்காரன்வரைக்கும் பார்ப்பான். நீங்கள் கூடத்தில் படுத்திருந்தீர்கள். நான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இல்லளா” என்றேன்.

ஆதார் கார்டுப் படத்தைக் கொடுத்தார்கள். அதில் யாருக்குத்தான் சொந்த முகம் இருக்கிறது? கண் பிதுங்கி, உதடு இறுகி, யாரையோ பயமுறுத்த நிற்கிற மாதிரி இருந்தீர்கள். போஸ்டரைப் பார்த்த எதிர்க்கடை அண்ணாச்சி, “இது யாரு? நம்ம வீட்டு அம்மாவா?” என்று பெரியத்தானிடமே கேட்டுவிட்டார். பெரியத்தான், “ஆமா” என்று மட்டும் சொன்னார்கள். அதே படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வீட்டிலும் மாட்டினார்கள். ஒரு வருஷமாக அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

இன்று அந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் வருஷ நினைவஞ்சலிக்குத் திரும்பவும் போஸ்டர் அடிக்கப்போகிறார்கள், திரும்பவும் அதே ஆதார் முகம். போனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி அடுப்படியில் இருந்தாள். படத்தைத் திறந்து நீட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்குமென்றும் நினைத்தேன்.

அவள் பார்த்துவிட்டு, “தெரியும் சித்தி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“இது அம்மா போன்லயும் இருக்கு. சித்தப்பா அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியாம ஒங்க போன்ல இருந்து அனுப்பிட்டாவ. அம்மாவுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். எனக்குக் காட்டிட்டு, ‘யாருக்கும் காட்டிராதளா, ஒன் சித்தி மனசு கஷ்டப்படுவா’ன்னு சொன்னாவ. அதான் அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேன். நீங்களாக் குடுத்தாப் போடலாம்னு.” கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னுட்டிய. சரி, அம்மா சொன்னபடி இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் முகத்தில் கோபமே இல்லை. உங்கள் முகம் அக்கா அது. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன பிறகும் நீங்கள் என் காலை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையையும் நிற்க வைத்திருக்கிறீர்கள். அதற்கு விலையாக உங்கள் முகத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, அத்தனை வெட்கம்.

“இதையே போடுளா” என்றேன்.

சாயங்காலம் இருவரும் பிரிண்டிங் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். “அடேயப்பா, என்ன சிரிப்பு! இத வச்சிக்கிட்டா போன வருசம் அதக் குடுத்திய?” என்றார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இந்தக் காலுதாம்மா உறுத்துது. ரெண்டு ரோசாப்பூவ மேல வச்சிருவமா? தடமே தெரியாது” என்று சொல்லிக்கொண்டே வைத்தும் விட்டார்.

கால் போய்விட்டது. பூவுக்குப் பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. செல்வி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொய் சொல்ல மாட்டேன் அக்கா. “சரி” என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் வந்தது.

“பூவ எடுத்துருங்க அண்ணாச்சி” என்றேன். “அது என் காலு. அவிய பிடிச்சிருக்கது என் கால.”

அவர் பதறிப்போய், “தெரியாமச் சொல்லிட்டேம்மா” என்று பூவை எடுத்துவிட்டார். அவர் கண் என் சேலை ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. அப்போதுதான் கவனித்தேன். வலது காலை முன்னால் வைத்து, இடது காலைப் பின்னால் மறைத்து, இடுப்பைத் திருப்பி நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடையில் யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை.

நாளைக்கு ஒட்டிவிடுவார்கள். அந்தச் சுவரைத் தாண்டிப் போக எனக்குக் கூசும், போவேன். கால் பழகிவிடும். இன்னொன்று பழகாது. இத்தனை வருஷத்தில், இத்தனை விசேஷத்தில், “அக்கா, நீங்க தனியா நில்லுங்க, ஒங்கள ஒரு படம் எடுக்கேன்” என்று நான் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. இப்போது அந்த வார்த்தை வாயிலேயே கிடக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வேன்?