அத்திம்பேர் எஞ்சினுக்கு ஒரு வளைவு

ஜூன் 8, ஞாயிறு

வெயில். மாலையாகியும் கடல்காற்று மந்தைவெளிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது. அடையாறில் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கல்யாணம், சாவு தவிர வேறு காரணத்துக்காக நான் போகாத முதல் ஞாயிறு.

அத்திம்பேர் போன் செய்தார். எடுக்கவில்லை. இனி இந்த நோட்டில் அவர் வெறும் அ. அக்கா புருஷன் என்கிற உறவை முழுசாக எழுத மனசு வரவில்லை.

போன வாரம் நடந்ததை எழுதி வைக்கிறேன், ஆறிப்போகக் கூடாது என்பதற்காக. அ. வீட்டு மாடியறை முழுக்க ஓடும் குட்டி ரயிலைப் பார்க்க, அதே பித்து பிடித்த நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான் மேஜைக்கு அடியில், ஒயர் பற்றவைத்துக்கொண்டு. பல் டாக்டர் கேட்டார், "தண்டவாளம் யார் சார் போட்டது? ஒரு ஆட்டம் அசைவு இல்லையே." மேலே அ. குரல்: "நான்தான். கீழ இருக்கறது என் மச்சினன் ரமணி. வயரிங்குக்குக் கூடமாட ஒத்தாசையா இருப்பான்."

கூடமாட.

அந்த அறையில் ஒவ்வொரு துண்டும் நான் வெட்டி, நான் அரம் போட்டு, நான் ஆணியடித்தது. அவர் செய்தது, காபி கொண்டுவரச் சொன்னது. அதையும் அக்காதான் கொண்டுவந்தாள். எழுந்தபோது மேஜை விளிம்பில் தலை இடித்தது. இன்னும் வீக்கம்.

சொந்தமாக ஒன்று போடப்போகிறேன். நம் கூடத்திலேயே. முதல் ஓட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவேன். அ. தன் நீள நீராவி எஞ்சினை எடுத்துக்கொண்டுதான் வருவார், எங்கே போனாலும் அப்படித்தான். அது எல்லார் முன்னாலும் என் தண்டவாளத்தில் குப்புற விழ வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பலகை சொல்லியாகிவிட்டது. தச்சர் செல்வம்: "ஆறுக்கு நாலா? இன்னா சார், கட்டிலா?" ரயிலுக்கு என்றேன். "எங்கருந்து எங்க போவும்?" சுற்றிச் சுற்றி அங்கேயே வரும். "அப்ப நம்ம மெட்ரோ டைவர்ஷன் மாறி கீதுன்னு சொல்லு."

அங்கே சிரிக்கவில்லை. வீட்டுப் படியேறும்போது சிரித்தேன்.

BP மாத்திரை தீரப் போகிறது.

ஜூன் 12, வியாழன்

தி. நகர். பாண்டி பஜார் பின்சந்து மாடிக்கடை. கடைக்காரர் இரண்டு வகைத் தண்டவாளத்தையும் பரப்பினார்: நாமே வளைத்துக்கொள்வது, வளைத்தே வருவது. வெளிவட்டத்துக்கு முதல் வகை. பலகை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு அகலமான வளைவு. அ. எஞ்சின் அதில் ராஜா மாதிரி ஓடும். ஓடட்டும். ஒரு சுற்று ஓடி, அவர் மார்பு நிமிர்ந்த பிறகுதான் உள்பக்கத்து ஸ்டேஷனுக்குத் திருப்ப வேண்டும்.

திருப்ப இரண்டு பாயின்ட் வேண்டும், பாதை இரண்டாகப் பிரியும் துண்டுகள். பெரிது, நீளமாகப் பிரியும். சின்னது, வெடுக்கென்று திரும்பும்.

"பெருசாவே போடுங்க சார். சின்னதுல நீள எஞ்சின் நிக்காது."

"தெரியும். சின்னது குடுங்கோ."

"ரெண்டுமே சின்னதா?"

"ரெண்டும்."

ஒரு மாதிரி பார்த்தார். ரகசியமாகச் சமையல் செய்கிறவன் மாதிரி எனக்கே ஒரு குஷி.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து தண்டவாளம். கார்க் பட்டை, குண்டூசி ஆணி, முதுகுவலி.

பொறி இதுதான். முதல் பாயின்ட் வலப்பக்கம் திருப்பும். அதை ஒட்டியே இரண்டாவது, இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு எஞ்சின் நீளத்துக்கு நேர்த் துண்டு போட்டால் எதுவும் விழாது. நான் போடவில்லை. கை கேட்கமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை தானாகவே நேர்த் துண்டை எடுத்து நடுவில் வைத்துவிட்டது. பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சோதனை: என் குட்டி எஞ்சின், இரண்டு பெட்டி. வழுக்கிக்கொண்டு போனது. அடுத்து அட்டையில் அ. எஞ்சின் நீளத்துக்கு வெட்டி, சக்கரம் ஒட்டித் தள்ளினேன். தள்ளின போதெல்லாம் விழுந்தது.

மனைவி ல. துணி மடித்துக்கொண்டே, "ஏன்னா, விழறதைப் பார்த்து எதுக்குச் சிரிக்கறேள்?"

அட்டையை மறுபடி தள்ளினேன்.

ஜூன் 19, வியாழன்

அக்கா போன். "ஏண்டா ரெண்டு வாரமா வரலை? அவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கார்." ஞாயிறு எல்லாரும் இங்கே வாருங்கள் என்றேன். எஞ்சினும் வருமா? "வராம? முன் சீட்டுல அது உக்காந்துக்கும். நான் பின்னாடி."

பஜ்ஜிக்கு வாழைக்காய். குளிக்கிற இடத்துக் குழாய் ஒழுகுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள். அ., அக்கா, பல் டாக்டர், இன்னும் இரண்டு பேர். வெல்வெட் பெட்டி திறந்தது. எஞ்சின் வெளிவட்டத்தில் ஒரு சுற்று, அப்படியொரு கம்பீரம். டாக்டர் கைதட்டினார். அ. மார்பு நிமிர்ந்தது. நான் சுவிட்சில் விரல் வைத்தேன்.

"ஸ்டேஷனுக்குத் திருப்பட்டுமா?" என்றேன்.

"இரு." குனிந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தோடு பார்வையை ஓடவிட்டார். நான் பார்க்கிற பார்வை அது, என்னிடமிருந்து எடுத்தது. "என்னடா ரமணி, ரெண்டு பாயின்ட்டையும் ஒட்டி வெச்சிருக்கே? நடுவுல ஒரு எஞ்சின் நீளத்துக்கு நேர்த் துண்டு வேணும். இல்லேன்னா தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் இழுத்துண்டு விழும்."

என் வார்த்தை. தலை, வால் உட்பட. முதன்முதலில் நான் இதைச் சொன்னபோது இடம் தண்டம் என்று சண்டை போட்ட மனுஷர்.

எஞ்சினைப் பெட்டியில் வைத்து மூடினார். டாக்டரிடம், "வயரிங் பிரமாதமாப் பண்ணுவான். தண்டவாளம் போடறது வேற வித்தை."

தெரிந்தேதான் அப்படிப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு அக்கா. "அதெப்படி? நம்மாத்துல இருக்கறது பூரா இவன் போட்டதுதானே. உங்களுக்கு ஆணியை எந்தப் பக்கம் அடிக்கணும்னே தெரியாது. அங்கே ஒருநாள்கூட எதுவும் விழுந்ததில்லையே."

டாக்டர் அ.வைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பாயின்ட்டையும் பார்த்தார், கடைசியாக என்னை. அ.வும் அதே வரிசையில். "அப்போ இது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ல. காபி வேண்டுமா என்றாள். எல்லாரும் வேண்டும் என்றார்கள்.

இத்தனை வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியதை அக்கா சொல்லிவிட்டாள். அதை அனுபவிக்க முடியாதபடி நானே செய்துகொண்டேன். இருந்தாலும் அ. முகம் போன போக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம், லேசான தூறல். நேர்த் துண்டு இன்னும் பீரோவில்தான். எடுக்கிற உத்தேசம் இல்லை. குழாய்க்காரர் வரவில்லை.

மத்தியானம் அக்கா போன்.

"தெரிஞ்சுதானே ஒட்டி வெச்சே?"

"ஆமாம்."

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"முன் சக்கரம் வளைஞ்சிருக்கும். மறுபடி ஓடியிருக்காது."

திட்டப்போகிறாள் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தேன்.

"அசடு," என்றாள். "அவர் கண்ணுல படாத மாதிரி வெச்சிருக்கப்படாதோ?"