கடனா, முதலா

ஜூலை 14, திங்கள்

கோபம் அடங்கவில்லை. தாராவியில் அக்கா புருஷனின் தோல்பைப் பட்டறைக்குப் பதினோரு வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். உல்லாஸ்நகர் வீட்டை விற்று அப்போதே நான் போட்ட எட்டு லட்சமும் அதில் இருக்கிறது. அதை என் முதல் என்றே எழுதி வந்தேன். இன்று வங்கிக்குக் கொடுக்கும் கணக்கில் அதைக் கடன் என்று மாற்றச் சொன்னார்.

"கடன்னா திருப்பித் தந்தா தீந்துது அத்தான். முதல்னாதான் நான் பங்காளி."

"எப்படி எழுதினா என்னல மாப்ள? கடனும் முதலும் கூட்டுனா சொத்துக்குச் சமம்னு நீதான சொல்லித் தந்த? கூட்டிப் பாரு, டேலி ஆவுதுல்லா?"

ஆகிறது. ஒரு ரூபாய் பிசகவில்லை. அக்காவிடம் போய்ப் பங்குப் பத்திரம் கேட்பதா என்று பணம் போட்ட அன்று கூசினேன். கையில் ஒரு காகிதமும் இல்லை. எம்.காம் படித்த முட்டாள்.

வீட்டுக்கு வந்து கடன் என்றே எழுதினேன். கடனுக்கு வட்டி உண்டே. பதினோரு வருட வட்டியையும் கடனோடு சேர்த்தேன். இப்போதும் டேலி ஆகிறது, அத்தானின் முதல்தான் அவ்வளவுக்குக் குறைந்துவிட்டது. அப்படியே அத்தானுக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் அக்கா போன் செய்வாள். அழுவாள். எடுக்க மாட்டேன்.