வலது காலுக்கு உன் பூட்ஸ்

என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. வீட்டுச் செய்திகளில் முதல் செய்தி உன் மோட்டார் சைக்கிள்தான். அதை விற்கவில்லை. எப்படி என்று கேள்.

பதினாறாம் நாள் உன் துணிமணிகளை தோட்டத்து லயத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம். பூட்ஸ் மட்டும் யார் காலுக்கும் சேரவில்லை. அப்புறம் சித்தப்பா மோட்டார் நின்ற கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம மலேசியாவுலயே செஞ்ச சாகா காரே வந்துருச்சு லா. இந்த இருவது வருசத்துப் பழச வச்சு என்ன பண்ண? ஞாயித்துக்கெழம லோரியோட வர்றேன், ஏத்திட்டுப் போய் வித்துருவோம்" என்றார்.

நான் ஓட்டுவேன் என்றேன். அன்றைக்கே விழுந்தேன். என் சின்ன மோட்டார், அந்தக் கப்சாயில் வலது கால் பிரேக். உன் இங்கிலீஷ் மோட்டாரில் வலது கால் கியர், இடது கால்தான் பிரேக். புக்கிட் பெலிம்பிங் முச்சந்தியில் மாடு குறுக்கே வர, பழக்கத்தில் வலது காலை அழுத்தினேன். கியர்தான் மாறியது. அடுத்த நிமிடம் வாய்க்காலில் கிடந்தேன்.

"ஒருத்தனக் காய்ச்சலுக்குக் குடுத்தது பத்தாதா? ஒன்னையும் குடுக்கணுமாடி?" என்று அம்மா கத்தினாள். நான் விடவில்லை. சனிக்கிழமை சுங்கை பெசார் போய்க் கீறல் இல்லாமல் வந்தால் மோட்டார் எனக்கு, இல்லாவிட்டால் லோரிக்கு என்றேன். அம்மா முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வலது காலில் உன் பூட்ஸைப் போட்டேன், உள்ளே துணி அடைத்து. இடது காலில் என் சப்பாத்து. கியர் உன் கால், பிரேக் என் கால். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்தத் தாழ்ந்த ஹேண்டில் மணிக்கட்டை ஒடித்துவிடும் என்று நீ ஏன் சொல்லவேயில்லை? தஞ்சோங் காராங் தாண்டுவதற்குள் முதுகு விட்டுப்போனது. தொடையில் இன்ஜின் சூடு, பூட்ஸ் முழுக்க எண்ணெய். ஆனால் செகிஞ்சான் வயல் பக்கம் ரோடு நேரானதும் வண்டி ஒரு குரல் எடுத்தது பார், அத்தனை வலியும் மறந்து சத்தமாகச் சிரித்தேன். வாரம் தவறாமல் நீ எதற்காக ஓடினாய் என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பும்போது எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னால் சட்டென்று நின்றது. யோசிக்க நேரமில்லை. இடது கால் தானாக இறங்கியது. ஒரு முழம் இடைவெளியில் நின்றேன், அண்ணே.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மோட்டாரைச் சுற்றி வந்து டாங்கியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள். உன் பூட்ஸைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது.

"சித்தப்பாகிட்ட லோரி வேணாம்னு சொல்லிரு" என்றாள். குனிந்து, பூட்ஸில் அவிழ்ந்திருந்த கயிற்றைத் தானே கட்டிவிட்டாள்.

என் சொந்தச் சப்பாத்தோடு தப்பில்லாமல் ஓட்டப் பழகும் நாளில் உன் பூட்ஸைத் துடைத்து அம்மாவிடம் கொடுப்பேன். மோட்டாரை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இடது காலுக்குப் பொறுப்பான
உன் தங்கச்சி செல்வி