வேலிக்கு அந்தப்புறத்துப் பூ

1971 ஏப்ரல் 10

மழை விட்டது. இந்தக் கோடைக்கான என் விதிகள்:

1. காட்டுப் புளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல், சுண்ணாம்பு, சாணம் கூடாது.
2. வேருக்கு மேல் நான்கு விரல் மரத்தூள்.
3. நடும் வேர்க்கட்டிகள் எல்லாம் ஒரே நல்ல செடியிலிருந்து. தேவாலயத்துக்குப் பின்னால் பாறையோரம் படர்ந்திருப்பது. என் மனைவி ஹெஸ்டர் தின்று பார்த்து, "இதுதான் இனிப்பு" என்றாள். வேறெதையும் கலக்கக் கூடாது.
4. பூக்கும்போது மண் காயக் கூடாது.
5. ஆரின் பீலிடம் எதையும் கேட்கக் கூடாது.

ஐந்தாவதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

நட்டு நான்காம் வருஷம். போன ஆகஸ்டில் வேலியோரம் மட்டும் ஒரு கிண்ணம் பழம். அங்கே வெயில் அதிகம் போலும். தேவாலய விருந்துக்கு ஹெஸ்டர் செய்யும் கேக்குக்கு ஐந்து கிண்ணம் வேண்டும். நாற்பது வருஷமாக அது பக்கத்து வயல் ஆரினிடமிருந்துதான் வருகிறது. ஹெஸ்டரை முதலில் நடனத்துக்கு அழைத்தவனும் அவன்தான்.

ஏப்ரல் 16

ஆரின் வைக்கோல் பரப்பி வயலைக் கொளுத்தினான். வழக்கமாகப் பாதிதான் எரிப்பான். இந்த முறை முழுவதும்.

"இடுப்பு போச்சு, வாத்தியாரே. வருஷா வருஷம் பாதி பாதியா முடியல."

காட்டுப் புளூபெர்ரிக்குத் தீதான் கவாத்து; வேர் பிழைக்கும், ஆனால் எரித்த செடி அடுத்த வருஷம்தான் பூக்கும்.

"இந்த வருஷம் கேக்குக்கு உன் பழந்தான்" என்று சிரித்தான். ஏளனமா? அவன் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான்.

வெட்கத்தோடு எழுதுகிறேன் – சந்தோஷமாக இருந்தது.

மே 30

பூத்துக் குலுங்குகிறது. வெள்ளை மணிகள், ஒரு கிளையில் நாற்பது வரை எண்ணினேன். வேலிக்கு அப்பால் ஒரே கரி.

ஹெஸ்டர் வந்து பார்த்தாள். "அடேயப்பா ஆல்டன், பள்ளிக்கூடத்துல இவ்வளவு மெனக்கெட்டிருந்தா ஒருத்தனாவது லத்தீன் படிச்சிருப்பான்! தேவாலயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இந்தத் தடவை கேக் உன் பழத்துலதான்னு."

பிறகு வேலிப்பக்கம் திரும்பி, "பாவம் ஆரின், குனியவே முடியல."

அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூன் 24

காய் இல்லை. மிளகளவு பச்சை, தொட்டால் உதிர்கிறது. உறைபனியா? இந்த மேய்ன் கடற்கரையில் மே கடைசிவரை நம்ப முடியாது. ஆனால் பனி விழவில்லையே. விதிகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

ஆரின் வேணும்னே முழுசையும் கொளுத்தினானா? எனக்குத் தெரியாத எதையோ தெரிஞ்சுக்கிட்டு –

அசடு.

ஜூலை 8

ஐந்தாவது விதியை மீறினேன். ஹெஸ்டர் ஊரெல்லாம் சொல்லிவிட்டாளே.

ஆரின் வாசலில் உட்கார்ந்து, பழம் வாரும் சீப்பின் பல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தான். ஏன் காய்க்கவில்லை என்று கேட்டேன்.

"எங்கேருந்து பெயர்த்த?"

"தேவாலயப் பாறை. எல்லாம் ஒரே செடி."

"எல்லாமேவா?" சீப்பைக் கீழே வைத்தான். "நூறு கட்டி நட்டாலும் அது ஒரே ஆளுதான், வாத்தியாரே. அதோட மகரந்தம் அதுக்கே ஆகாது. வேற செடியோட மகரந்தத்தைத் தேனீ கொண்டு வரணும்."

"போன வருஷம் வேலியோரம் காய்ச்சுதே?"

"அது என் பூவால."

இந்த முனையில் எங்கள் இரண்டு நிலத்தை விட்டால் பாறையும் காடும்தான். அவன் வயல் பூக்காது என்றல்லவா நான் சந்தோஷப்பட்டேன்.

ஆகஸ்ட் 14

விருந்து. போன வருஷம் பாட்டிலில் போட்டுவைத்த பழத்தில் ஹெஸ்டர் கேக் செய்தாள் – ஆரினின் பழம். என் செடியில் தப்பிப் பழுத்த ஒன்பதை மேலே வரிசையாக வைத்தாள். கேட்டவர்களிடம், "மேல இருக்கறது ஆல்டனோடது" என்றாள்.

ஆரின் இரண்டு துண்டு தின்றான். "மேல இருந்ததுதான் இனிப்பு."

அவன் வாயால் சொன்னதால் எனக்குக் கசந்தது.

செப்டம்பர் 29

ஆரின் தன் வயலில் கைத்தடியால் ஆறு இடம் காட்டினான். அவனால் குனிய முடியாது, நான் தோண்டினேன். ஆறும் வேறு வேறு செடி. மாலைக்குள் என் செடிகளுக்கு நடுவே நட்டு, மரத்தூள் போட்டேன்.

"எது யாரோடதுன்னு குச்சி நடலையா?" என்றாள் ஹெஸ்டர்.

அவன் பெயர் எழுதிய ஆறு குச்சிகள் என் கோட்டுப் பையில் இருந்தன. அப்படியே அடுப்பில் போட்டேன்.

'வேறெதையும் கலக்கக் கூடாது' என்ற மூன்றாவது விதி தவறு.