கதவுகள் பதிந்த கூரைக்குக் கீழே

என் பிரியமான அண்ணே,

மாரடைப்பில் நீ போன பிறகு, பாதியில் கிடந்த உன் கடைசிச் சிற்பத்துக்கு நாங்களே கான்கிரீட் போட்டோம். ஏரல் ஆற்றங்கரையில் அது இன்னும் முட்டுக் கம்புகளின் மேல்தான் நிற்கிறது. ஒற்றைச் சுவர், அதிலிருந்து வெளியே நீளும் கூரை, மறுமுனையில் தூண் கிடையாது. "வீட்டைப் பாதியா வெட்டி நிப்பாட்டுதேன்" என்று சிரிப்பாயே, அதேதான்.

நீ சொன்னபடி, இடித்த வீடுகளின் பழைய கதவுகளைப் பலகையாகப் பரப்பி அதன்மேல்தான் போட்டோம். முட்டுக் கம்புகளைப் பிரித்துக் கதவுகளை உருவினால், தாழ்ப்பாளும் சாவித்துவாரமும் கூரையின் அடியில் அச்சாகப் பதிந்திருக்கும். அதைப் பார்க்க ஆள் அடியில் போய்த்தான் அண்ணாந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பவர் தலைக்குமேல் அத்தனை பாரமும் தொங்கும்.

நாளை முட்டுப் பிரிப்பதாக ஏற்பாடு. அந்த நேரம் செய்தவன் அடியில் நிற்க வேண்டும் என்பது உன் வழக்கம். நீ நிற்பாய், நான் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது உன் மகள் மலர் அதையே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எடத்துல நான் நிக்கேன் அத்தை. நீங்க சும்மா பயப்படுதிய."

சும்மாவா பயப்படுகிறேன்? கான்கிரீட் போட்ட அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் கட்டிவைத்த கம்பிமேலேயே சட்டியோடு நடந்தார்கள். நம் ஆட்கள் வீட்டுக்கூரை போட்டுப் பழகியவர்கள். அதில் பெரிய கம்பி அடியில் கிடக்கும், மிதித்தாலும் பாதகமில்லை. இதில் மேலே இருந்தால்தான் கூரையைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் என்று படித்துப் படித்துச் சொல்வாயே. மிதிபட்டு அது கீழே இறங்கியிருந்தால்?

சுடலைக் கொத்தனாரிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மிதிபட்ட கம்பியைத் தூக்கிவிட்டோம்மா. எல்லாத்தையும் தூக்கினோமான்னு கேட்டா, சத்தியமாத் தெரியாது."

"எப்படித்தான் தெரிஞ்சிக்கிடது அண்ணாச்சி?"

"சுவரை ஒட்டி மேல கொத்திப் பாக்கணும். அவுக கடைசி வேலையாச்சே, எனக்குக் கை வரமாட்டேங்கு."

எனக்கு மட்டும் வருமா? சொல்லு. ரோட்டில் லாரி போனால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. திருநெல்வேலியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், எல்லாருக்கும் சொல்லியாயிற்று. நீ இருந்தால், "போடீ, பயந்தாங்கொள்ளி" என்று அடியில் போய் நின்றிருப்பாய். ஆனால் உன் மகளை நிற்க விட்டிருப்பாயா?

நாளை முட்டுக் கம்புகளைத் தொட விடமாட்டேன். முதலில் கொத்திப் பார்ப்போம். சுடலை அண்ணாச்சிக்குக் கை வராவிட்டால் உளியை நான் எடுப்பேன். கம்பி மேலே இருந்தால் பூசி மூடிவிட்டு, முட்டுப் பிரித்ததும் முதல் ஆளாக நானே அடியில் நிற்பேன். கீழே கிடந்தால் முழுசையும் உடைத்துப் போடுவேன், அண்ணே. இது சத்தியம். மலர் என்னோடு பேசமாட்டாள், அழுவாள். அழட்டும். உயிரோடு இருந்து அழட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்